கம்பியார் கட்டிய தகடுகள்

கம்பியாருக்கு உலகத்தில் யாரையுமே பிடிக்காது என்று சொல்வார்கள். அது அநியாயம். கம்பி கட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்கும். கட்டிடத்தில் தூணுக்கும் தளத்துக்கும் உள்ளே போகிற இரும்புக் கம்பிகளை மெல்லிய கட்டுக்கம்பியால் பிணைத்து, கொக்கியை மாட்டி இரண்டு முறுக்கு முறுக்கி இறுக்குவதுதான் அவர் முப்பத்தோரு வருடம் பார்த்த வேலை. அந்த வேலை தெரியாத எவரும் அவருக்குத் தண்டச்சோறுதான். பூச்சு வேலைக்காரர் மேலே தடவிவிட்டுப் போகிறவர். பெயின்டர் அந்தத் தடவலுக்கு மேல் இன்னொரு தடவல் தடவுகிறவர். இஞ்சினியரோ காரை விட்டு இறங்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கிக் கையை நீட்டுகிறவர்.

"உள்ள நான் கட்டி வச்சிருக்கேன், அதனால நிக்குது. வெளிய பூசி மினுக்கினவன் பேரு வாங்கிட்டுப் போறான்" என்பார்.

மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு முதல் தடவை போனபோது, உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காராமல் மாடிக்கு ஏறி, பாதியில் நின்ற தூண்களின் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, "இத எந்த மடையன் கட்டுனான்?" என்று கேட்டார். கட்டியவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. பின்னாலேயே நின்றிருந்தார். அந்த மனிதர் இன்றுவரை கம்பியார் வீட்டு வாசலை மிதித்ததில்லை. கம்பியாரும் அதை ஒரு நஷ்டமாக நினைத்ததில்லை.

ஐம்பத்தைந்து வயதில் இடுப்பு விட்டுப்போனது. சிமெண்ட் மூட்டை தூக்கி விட்டுப்போகவில்லை, மேலிருந்து விழுந்து விட்டுப்போகவில்லை. ஒருநாள் காலையில் குனிந்தார், நிமிர முடியவில்லை, அவ்வளவுதான். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இனிமேல் நாள் முழுக்கக் குனிகிற வேலை கூடாது என்று சொன்னார். மருத்துவரும் தண்டச்சோறு பட்டியலில் சேர்ந்துகொண்டார். வீட்டில் சும்மா இருக்கிற மனிதர் என்ன செய்வார்? வாளியின் கைப்பிடியை இறுக்கினார். கட்டில் காலை இறுக்கினார். கொடிக்கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டுக் கம்பியால் கட்டினார், அது அவர் மனைவியின் நல்ல புடவையில் துரு ஏற்றியது. மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தான் வேலை செய்த இடத்திலேயே அவருக்கும் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்தாள்.

அந்த இடம் ஒரு சரிவு. ஊருக்கு மேற்கே, ஒரு காலத்தில் விறகுக்கு வெட்டி வெட்டி மொட்டையாகிப்போன குன்றின் சரிவு. மழை பெய்தால் அதிலிருந்து மண் வழிந்து கீழே வயல்களை மூடும். அதை எடுத்துச் சீர்செய்ய ஒரு வட்டாரப் பசுமை அமைப்பு வந்திருந்தது. நாற்பது பெண்கள் சேர்ந்து வரப்புக் கட்டினார்கள், குழி எடுத்தார்கள், மரக்கன்று நட்டார்கள், வரிசைகளுக்கு நடுவே பயறும் கடலையும் போட்டார்கள். விளைந்தது அவர்களுக்கு. கோடையில் வாரம் இரண்டு தடவை அமைப்பு தண்ணீர் லாரி அனுப்பும். ஒப்பந்தம் எளிமையானது. ஐந்தாம் வருடம் கணக்கெடுப்பார்கள். கன்றுகளில் முக்கால் பங்கு உயிரோடு இருந்தால் சரிவு அடுத்த முப்பது வருடத்துக்கு அந்தப் பெண்கள் கையில். இல்லாவிட்டால் திரும்பப் போகும். திரும்பப் போனால் யார் கைக்குப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். குன்றின் மறுபக்கத்தில் கல் உடைக்கிற இயந்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

அமைப்பின் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறினால் ரப்பர் நாற்றம். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, சுவர் முழுக்கப் படங்கள். கை நிறைய மண்ணை ஏந்திய படங்கள் மட்டும் ஏழு. ஏழு கைகளிலும் ஒரு நகத்தில்கூட அழுக்கு இல்லை என்பதைக் கம்பியார் முதல் நாளே பார்த்துவிட்டார். அங்கே பேசுகிற பாஷையும் வேறு. மரம் நடுவதற்கு நிலப்பரப்பு மீட்டெடுப்பு என்று பெயர். களை பறிக்கிற பெண்கள் பங்கேற்பாளர்கள்.

"களை பறிச்சப்பவும் இடுப்பு வலிச்சுது. இப்ப பங்கேற்பாளரா வலிக்குது" என்று மனைவி சொல்லியிருந்தாள்.

ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர். நாற்பது வயது, கழுத்தில் அடையாள அட்டை, யார் எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். கேட்கிறார் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். அவருக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. இதற்கு முன் வேறொரு குன்றில் கன்றுகளுக்கு எண் போட்ட தகடுகளை நூலால் கட்டியிருக்கிறார்கள். நூல் இற்றது, ஆடு மென்றது, தகடு எல்லாம் காற்றில் போனது. கணக்கெடுக்க வந்தபோது மரம் இருந்தது, எண் இல்லை. இன்னோர் இடத்தில் இன்னும் மோசம். செத்த கன்றின் தகட்டைக் கழற்றி உயிருள்ள செடியில் மாட்டி ஏமாற்றியிருக்கிறார்கள். ஆகவே தலைமை அலுவலகம் சட்டம் போட்டுவிட்டது. ஒருமுறை கட்டிய தகட்டை எவரும் தொடக்கூடாது. தகடு இருந்தால் மரம் உண்டு, தகடு இல்லாவிட்டால் மரம் இல்லை.

"அவிழாத மாதிரி கட்டணும் ஐயா. உங்களால முடியுமா?" என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார்.

கம்பியாரிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. "நான் கட்டுனத அவிழ்க்கணும்னா கட்டிடத்த இடிக்கணும்" என்றார்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கன்றுகள். ஒரு குட்டி முக்காலியில் உட்கார்ந்து, குனியாமல், ஒவ்வொன்றின் தண்டிலும் அலுமினியத் தகட்டை வைத்து, கட்டுக்கம்பியைச் சுற்றி, கொக்கியால் இரண்டு முறுக்கு. முப்பது நாளில் முடித்தார். விரல் தடிமன்கூட இல்லாத கன்றுகள், வேம்பும் நாவலும் வாகையும். பென்சிலுக்கு விலங்கு மாட்டியதுபோல் நின்றன. அமைப்பில் மரத்தைப் பற்றிப் படித்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் வந்து இழுத்துப் பார்த்தார்கள். மூன்று பேரும் பிரமாதம் என்றார்கள். மரம் என்பது வருடா வருடம் பருத்துக்கொண்டே போகும் ஒரு பொருள் என்பது அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. கம்பியாருக்கும் வரவில்லை. அவர் கட்டிய எந்தத் தூணும் கட்டிய பிறகு பருத்ததில்லை.

நாலாம் வருடம் மனைவிதான் கண்டுபிடித்தாள். ஒரு மத்தியானம் சரிவிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரில் வந்து நின்றாள்.

"மரத்துக்கெல்லாம் உச்சி மஞ்சளாகுது. ஏன்னு தெரியுமா?"

"தண்ணி பத்தல."

"தண்ணி பத்துது. தொண்டையில இறங்கல. நீங்க கட்டுன கம்பி பட்டைக்குள்ள போயிருச்சு. மேல வீங்கி, கீழ சுருங்கி... வந்து பாருங்க. நாலு வருஷமா நாங்க தண்ணி ஊத்துறோம், நீங்க கழுத்த நெரிச்சிட்டு இருக்கீங்க."

"நானா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா? ரெண்டு முறுக்கு முறுக்க அவருக்குத் தெரியாதே."

கம்பியார் போய்ப் பார்த்தார். முதல் வரிசையில் ஒரு நாவல் மரம், அவர் தோள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது. தகடு பட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. கம்பி கண்ணுக்கே தெரியவில்லை. விரலால் தடவினால் ஒரு பள்ளம், பள்ளத்துக்கு மேல் வளையமாக ஒரு வீக்கம். அடுத்த மரமும் அப்படித்தான். நன்றாக வளர்ந்த மரங்களுக்குத்தான் அதிகம் இறுகியிருந்தது. நோஞ்சானாக நின்றவை மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அவர் நாலு வரிசை பார்த்தார், ஐந்தாவதுக்குப் போகவில்லை. வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் மற்றவர்களுக்கு மட்டுமே வரவேண்டும் என்று அவர் நினைத்து வைத்திருந்த ஒன்று அது.

மறுநாள் டயர் கடை மாடிக்குப் போனார். ஒருங்கிணைப்பாளர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "முக்கியமான விஷயம் ஐயா. இதை நாம பதிவு பண்ணணும்" என்றார்.

"பதிவு பண்ண வேணாம், வெட்டணும்."

"தகட்டைத் தொட முடியாதே. வேலையில சேரும்போது நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தலைமை அலுவலகத்துக்கு எழுதறேன். ஒரு தொழில்நுட்பக் குழு வரும். பங்கேற்பாளர்களோட ஒரு கலந்துரையாடல் வைக்கலாம்."

"எப்ப?"

"நாலு மாசத்துக்குள்ள கண்டிப்பா."

"கணக்கெடுப்பு எப்ப?"

"ரெண்டு மாசத்துல." அதில் ஏதும் இடிப்பதாக அவருக்குப் படவில்லை. "கவலைப்படாதீங்க ஐயா. தகடு எல்லாம் பத்திரமா இருக்கில்ல? அப்ப கணக்குல ஒரு பிரச்சனையும் வராது."

கம்பியார் படியிறங்கி வந்தார். விஷயம் அவருக்கு வெட்டவெளிச்சமாகப் புரிந்தது. கம்பியை விட்டுவைத்தால் சரிவு கிடைக்கும், மரம் சாகும். கம்பியை வெட்டினால் மரம் பிழைக்கலாம், ஆனால் காகிதத்தில் ஒரு மரம்கூட இருக்காது, சரிவு கல் உடைக்கிறவர்களுக்குப் போகும். படித்தவர்கள் நாலு பேர் கூடி யோசித்தால்தான் ஒரு காரியத்தை இவ்வளவு அழகாகச் சிக்கலாக்க முடியும். தெருவில் நின்று அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். டயர் கடைக்காரர் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

மனைவியிடம் சொன்னபோது அவள் முறத்திலிருந்த பயறைப் புடைத்து முடித்தாள். பிறகு, "வெட்டுங்க" என்றாள்.

"சரிவு போயிடும்."

"செத்த மரத்த வச்சிட்டு சரிவ என்ன பண்றது? மறுபடியும் மண்ணு வழியும். நாங்க நாப்பது பேரும் மறுபடியும் வரப்புக் கட்டணும். வெட்டுங்க."

மூன்று நாள் வெட்டினார்கள். அவரிடம் ஒரு நல்ல கட்டிங் பிளேயர் இருந்தது. பெண்கள் வீட்டுக்கு வீடு போய் இன்னும் பதினாறு கொண்டுவந்தார்கள். பட்டைக்குள் புதைந்த கம்பியைக் கத்தி முனையால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. சில மரங்களில் வரவே இல்லை, துண்டு துண்டாக உள்ளேயே விட்டார்கள். கம்பியார் தன் கைக்கு வந்த ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்தார். ராத்திரி மனைவி இடுப்பில் தைலம் தேய்த்தாள். இரக்கப்பட்டுத் தேய்க்கவில்லை, நன்றாக அழுத்தியே தேய்த்தாள்.

ஆனால் எண் விஷயத்தில் அவர் ஒழுங்கான மனிதர். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஒரு மூங்கில் குச்சி அடித்து, அதில் அந்த மரத்தின் தகட்டைக் கட்டினார். ஏற்கெனவே செத்துப்போன முந்நூறு சொச்சம் கன்றுகளின் தகடுகளும் காய்ந்த தண்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் அந்தந்தக் குழியில் ஒரு குச்சி.

"செத்ததுக்கு எதுக்கு? தூக்கி எறியுங்க" என்றாள் மனைவி.

"மறைச்சேன்னு ஒருத்தன் சொல்லக்கூடாது. குச்சி பக்கத்துல மரம் இருந்தா உயிரோட இருக்கு. இல்லாட்டி செத்துப்போச்சு. கண்ணுள்ளவங்க எண்ணிக்கட்டும். முக்கால் பங்குக்கு மேலயே நிக்குது."

கண்ணுள்ளவர்கள் வருவார்கள் என்று அவர் நம்பியது அவருடைய அடுத்த தப்பு.

கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். தலைமை அலுவலகத்துப் பெண், மகள் வயதிருக்கும், நல்ல பெண்தான். கையில் ஒரு போன். தகட்டில் இருக்கிற சின்னக் கட்டத்தைப் போனிடம் காட்டினால் அது டிங் என்று கத்தும். குச்சிகளைப் பார்த்து முதலில் குழம்பினாள். பிறகு முதல் தகட்டைக் காட்டினாள். டிங். இரண்டாவது. டிங். பன்னிரண்டாவது குழியில் மரம் இல்லை, குச்சி மட்டும் நின்றது. டிங்.

"அம்மா, அங்க மரம் இல்ல" என்றார் கம்பியார்.

"தகடு இருக்கே ஐயா."

"தகடு இருக்கு. மரம் செத்து மூணு வருஷம் ஆச்சு."

அவள் போனை அவரிடம் காட்டினாள். "இதுல ரெண்டே கேள்விதான் வரும். தகடு இருக்கா, இல்லையா. இருக்குன்னா உயிரோட இருக்குன்னு அதுவே எழுதிக்கும். மரம் இல்லன்னு எழுத இதுல இடமே இல்ல. யாரும் ஏமாத்தக்கூடாதுன்னு இப்படிச் செஞ்சிருக்காங்க."

"தகடு இல்லன்னு போடுங்க."

"தகடு இருக்கும்போது இல்லன்னு போட்டா அது பொய்யில்லையா ஐயா?"

அவளோடு வாதாடிப் பிரயோசனம் இல்லை. சாயங்காலம் போன் கணக்கைச் சொல்லியது. நட்டது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது, உயிரோடிருப்பது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. அமைப்பின் வரலாற்றிலேயே நூற்றுக்கு நூறு எடுத்த நிலம் அதுதான். ஒருங்கிணைப்பாளர் அன்றைக்கு முதல் தடவையாகத் தலையைச் சாய்க்காமல் நேராக வைத்துக்கொண்டார். தகட்டைத் தொட்ட குற்றம் மன்னிக்கப்பட்டது மட்டுமல்ல, அதற்கு 'குச்சி முறை' என்று பெயர் வைத்து மற்ற குன்றுகளுக்கும் அனுப்பினார்கள். முப்பது வருடப் பத்திரம் பெண்கள் கைக்கு வந்தது. கம்பியாருக்கு ஒரு துண்டு போர்த்திப் படம் எடுத்தார்கள். படத்தில் அவர் முகம், கடன் கொடுத்தவரைத் தெருவில் பார்த்துவிட்ட மனிதரின் முகம்போல் இருந்தது.

பத்திரம் வந்த சந்தோஷம் கோடை வரைக்கும் தாங்கியது. கோடையில் தண்ணீர் லாரி வரவில்லை.

ஒரு வாரம் பார்த்தார்கள், இரண்டு வாரம் பார்த்தார்கள். கம்பியார் மாடியேறிக் கேட்டார். நூற்றுக்கு நூறு உயிர் பிடித்த நிலத்துக்குத் தண்ணீர் தேவையில்லை என்று முடிவாகிவிட்டதாம். லாரி இப்போது தோற்றுப்போன குன்றுகளுக்குப் போகிறதாம்.

"மரத்துக்கெல்லாம் கழுத்துல காயம் இருக்கு சார். இந்த ஒரு கோடை தண்ணி போனா காயம் மூடிக்கும். இல்லாட்டி காத்தடிச்சா அந்த இடத்துலயே ஒடியும்."

ஒருங்கிணைப்பாளர் கணினியைத் திருப்பிக் காட்டினார். குன்றின் படம், அதன் மேல் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பச்சைப் புள்ளிகள். "எல்லாமே நல்லா இருக்கு பாருங்க ஐயா. நீங்க செஞ்ச வேலைதான். இப்படி ஒரு தடவை பச்சையானது மறுபடி சிவப்பானா மேல கேள்வி கேப்பாங்க."

காற்று அடித்தது. மொட்டைக் குன்றில் அடிக்கிற காற்று, தடுக்க ஒன்றும் இல்லாமல் வருவது. அந்த வாரம் நாற்பது மரம் ஒடிந்தது, அடுத்த வாரம் அறுபது. ஒவ்வொன்றும் தரையிலிருந்து ஒரே உயரத்தில், கம்பி இருந்த பள்ளத்தில், ரம்பம் வைத்து அறுத்ததுபோல். பெண்கள் கீழே இருந்த கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். நாற்பது பேர் எத்தனை மரத்துக்கு ஊற்ற முடியும்? கம்பியாரும் இடுப்பில் ஒரு பட்டையை இறுக்கிக்கொண்டு ஒரு வரிசையை எடுத்துக்கொண்டார். குனியக் கூடாது என்று சொன்ன மருத்துவரை ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை திட்டினார். ஒடிந்து கிடந்த மரத்தைத் தாண்டும்போது மட்டும் எதுவும் பேசமாட்டார். அதைத் திட்ட அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. கட்டியது அவர்.

அவர் எடுத்துக்கொண்ட வரிசையில் ஒரு வாகை இருந்தது. அந்த வரிசையிலேயே உயரமானது. எண் அறுநூற்றுப் பதினேழு. ஒரு காலையில் அதுவும் விழுந்து கிடந்தது. கம்பியார் குடத்தைக் கீழே வைத்தார். மரத்தின் பள்ளம் விழுந்த பாகத்தை முழ நீளத்துக்கு அறுத்து எடுத்தார். குச்சியைப் பிடுங்கித் தகட்டோடு அதன் மேல் வைத்துக் கட்டுக்கம்பியால் இரண்டு முறுக்கு முறுக்கிக் கட்டினார். பஸ் ஏறி மாடிக்குப் போய் ஒருங்கிணைப்பாளரின் மேசையில், கணினிக்கு முன்னால் வைத்தார்.

"இது அறுநூத்திப் பதினேழு. உங்க பெட்டியில பாருங்க."

ஒருங்கிணைப்பாளர் தட்டிப் பார்த்தார். "உயிரோட இருக்கு" என்றார் மெதுவாக.

"இருக்கில்ல? அப்ப நீங்களே தண்ணி ஊத்துங்க."

அதற்குப் பிறகு கம்பியார் அமைப்பின் வேலைக்குப் போகவில்லை, பெண்களோடு சேர்ந்து தன் வரிசையைப் பார்க்கச் சரிவுக்கு மட்டும் போனார். கோடை முடிந்து மழை வந்தது. மேலும் இருநூறு மரம் விழுந்தபின், மிஞ்சியவை ஒருவழியாகக் காயத்தை மூடிக்கொண்டன. அமைப்பு கொடுத்த அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்படி கடிதம் வந்தது. நேரில்தான் கொடுக்க வேண்டுமாம். போனார்.

மேசைக்குப் பக்கத்து மூலையில் அந்த வாகைத் துண்டு சாத்தி வைக்கப்பட்டிருந்தது. பட்டை உரிந்து கீழே கொட்டியிருந்தது. குச்சியும் தகடும் அப்படியே இருந்தன.

"குப்பையில போடலாம்னு எடுத்தேன். தகட்டத் தொடக்கூடாதாமே. இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க" என்றாள் கூட்டிப் பெருக்குகிற அம்மாள். அவளுக்கு அதனால் மூலையைக் கூட்டுவது சிரமமாகியிருந்தது.

அப்போதுதான் கணக்கெடுக்கிற பெண் பையோடு படியேறி வந்தாள். சரிவில் அரையாண்டுச் சரிபார்ப்பு முடித்துவிட்டு வருகிறாள். விழுந்த மரங்களின் குச்சிகள் எல்லாம் நின்றுகொண்டுதான் இருந்தன, எல்லாமே டிங் என்று சொல்லியிருந்தன. ஒரே ஒரு எண் மட்டும் கிடைக்கவில்லை என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னாள். அவர் மூலையைக் காட்டினார்.

அவள் போய்ப் பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள், திரும்பிக் கம்பியாரைப் பார்த்தாள். ஒருங்கிணைப்பாளர் ஒரு காகிதத்தை அவசரமாகப் படிக்க ஆரம்பித்தார். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அது செத்த கட்டை என்று தெரியும், கூட்டிப் பெருக்குகிறவள் உட்பட. பெண் குனிந்து போனை நீட்டினாள். டிங்.

"அறுநூத்திப் பதினேழு இருக்கு சார்" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

கம்பியாருக்குத் திட்ட வரவில்லை. வாய்வரை வந்த வசவு, அந்தக் கட்டையில் தானே போட்ட இரண்டு முறுக்கைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மாதக்கணக்கில் மூலையில் நின்றும் கொஞ்சம்கூட நெகிழவில்லை. அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். நாலு மணிக்குக் கீழ்வரிசையில் அவர் பங்குக்கு நாற்பத்திரண்டு மரத்துக்குக் களை எடுக்க வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.